சமஷ்டி வழக்குத்தொடுநர்: ஒரு பதவியின் வரலாறு

மன்றிலே குற்றஞ்சாட்டப்பட்டோன் ஒருவன் நிற்கின்றான். அவனுக்காகப் பேச ஒருவர் உளர். தீர்ப்புக் கூற ஒருவர் உளர். குற்றவாளியோ அல்லனோ என உரைக்க யூரிமார் பன்னிருவர் உளர். இவர்கள் எல்லாரும் அங்கு வந்து கூடுவதற்கு முன்னரே வேறோர் அறையில் வேறொருவர் இருந்து, இவனை மன்றிலே நிறுத்துவதா, விடுவதா என்று முடிவுசெய்துவிட்டார். நீதிபதியைப் பற்றி உலக இலக்கியங்கள் நிரம்பப் பேசியுள்ளன. கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கிய மன்னன் கதை நம் சிறுவர்க்கும் தெரியும். முதலில் அம்முடிவைச் செய்தவரைப் பற்றியோ நூல்கள் அதிகம் பேசுவதில்லை. சென்ற ஆண்டு உயர்தர வகுப்பிலே மாணவன் ஒருவன், “ஐயா, தீர்ப்பளிப்பவர் பெரியவரா, வழக்கைத் தொடுப்பவர் பெரியவரா?” என்று வினவினான். அன்று அவனுக்கு நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. இக்கட்டுரை அவ்வினாவினின்றும் எழுந்தது.

இப்பொருளை ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் சமஷ்டி வழக்குத்தொடுநர் பதவி மிகப் பொருத்தமானது. சமஷ்டி என்னுஞ் சொல் நம்மவர் செவிக்குப் புதியதன்று; அதன் நன்மை தீமைகளை ஈண்டு வாதிடப் புகுந்திலேன். அந்நாட்டில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனிச் சட்டமும் தனி நீதிமன்றமும் உண்டு. மாநிலத்து வழக்குத்தொடுநர் பெரும்பாலும் மக்கள் வாக்கினால் தெரிவுசெய்யப்படுபவர். சுங்கம், தபால், நாணயம், வருமானவரி, மாநிலங்களுக்கிடையே நிகழும் வாணிகம் முதலியவை மத்திய அரசின் சட்டங்களுக்கு உட்பட்டவை. அவற்றை மீறுவோர் மீது வழக்கிடுபவரே சமஷ்டி வழக்குத்தொடுநர். நாடு 94 நீதி மாவட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கின்றது. தலைமை வழக்குத்தொடுநரோ 93 பேர். குவாம் தீவுக்கும் வட மரியானாத் தீவுகளுக்கும் ஒருவரே பொது. சனாதிபதி பெயர் குறிப்பிட, செனற் சபை இசைவளிக்க, நான்காண்டுக்கு அவர் நியமனம் பெறுவர். சனாதிபதி விரும்பின் இடையிலும் நீக்கப்படுவர். அவர்க்குக் கீழே பணிபுரியும் துணை வழக்குத்தொடுநர்களைச் சட்டமா அதிபர் நியமிப்பர். ஆட்சி மாறினும் துணைவர்கள் பெரும்பாலும் நீடிப்பர். இலங்கையிலே அரச சட்டவாதியாகச் சேர்பவர் சட்டமா அதிபர் திணைக்களத்தில் படிப்படியாக உயர்ந்து நீதியாசனத்தை அடைவதுண்டு. அமெரிக்காவிலோ அப்பதவி ஓர் இடைத் தங்குமடம் போன்றது. இளமையிற் புகுந்து சில ஆண்டு பணிசெய்து, பின்னர் நீதிபதியாகவோ அரசியல்வாதியாகவோ பெருஞ் செல்வம் ஈட்டும் வழக்கறிஞராகவோ வெளியேறுவோரே மிகப் பலர். அவர் எங்கே செல்ல விரும்புகின்றார் என்பது அவர் இன்று தொடுக்கும் வழக்கைத் தொடாதிருக்குமா? இதுவே இப்பதவியின் வரலாறு முழுவதிலும் ஊடுருவி நிற்கும் கேள்வி.

1789ஆம் ஆண்டு செப்டெம்பர் 24ஆந் திகதி நிறைவேறிய நீதித்துறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவே இப்பதவியைத் தோற்றுவித்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டமறிந்த தகுதியாளர் ஒருவர் அரசின் சார்பில் வழக்காட நியமிக்கப்படல் வேண்டும் என அது விதித்தது. சட்டமா அதிபர் பதவியும் அதே பிரிவிலேயே பிறந்தது. ஆனால், ஒருவர்க்கு மற்றவர் மேல் யாதோர் அதிகாரமும் வழங்கப்படவில்லை. சட்டமா அதிபரிடம் அலுவலகமும் இல்லை, எழுதுவினைஞரும் இல்லை. மாவட்டங்களில் இருந்தோர் தத்தம் போக்கில் இயங்கினர். ஜோர்ஜ் வாஷிங்டன் வேர்ஜீனியா மாவட்டத்துக்கு ஜோன் மார்ஷல் என்பாரைக் குறித்தபோது அவர் அதனை ஏற்க மறுத்தார். சொந்த வழக்குகளால் வந்த ஊதியமே அவருக்கு மேலானதாகத் தோன்றிற்றுப் போலும். அவரே 1801இல் தலைமை நீதியரசராகி, 34 ஆண்டு அவ்வாசனத்தில் வீற்றிருந்து, அந்நாட்டு அரசியலமைப்புக்கு உருவங்கொடுத்தவர். பெற விரும்பாத சிறு பதவியாகத் தொடங்கிய ஒன்று, பின்னர் எவ்வளவு பேராற்றல் பெற்றது என்பதை உணர இவ்வொரு செய்தி போதும்.

அக்காலத்தில் வழக்குத்தொடுநர்க்குப் பெரும்பாலும் கட்டணமே ஊதியம். வழக்குக்கு இவ்வளவு, மன்றில் தோன்றும் நாளுக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்பட்டது. வழக்குகள் பெருகினாற் கட்டணமும் பெருகும். ஆகவே, அற்பக் குற்றங்களுக்கும் ஏழைகளை மன்றுக்கு இழுக்கும் வழக்கம் வேரூன்றிற்று. நோயாளியின் தொகைக்கேற்ப ஊதியம் பெறும் வைத்தியன் ஊரில் நோய் குறைய விரும்புவானா? இக்கேட்டை நீக்கி, மாதச் சம்பள முறையைக் கொங்கிரஸ் 1896இலேயே கொண்டுவந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்நிலை நீடித்தமை வியப்புக்குரியது.

அந்நூற்றாண்டில் இப்பதவியை வகித்தோருள் மூவரை மாத்திரம் சுட்டுவேன். அமெரிக்க நாட்டுக் கீதத்தை யாத்த பிரான்ஸிஸ் ஸ்கொட் கீ 1833 முதல் 1841 வரை தலைநகர்க்கு வழக்குத்தொடுநராயிருந்தார். சுதந்திர பூமியைப் பாடிய அவரே, அடிமைமுறையை எதிர்க்கும் துண்டுப்பிரசுரங்களை வைத்திருந்தார் என்று றூபன் கிரண்டல் என்னும் மருத்துவர் மீது வழக்கிட்டார். எட்டு மாதஞ் சிறையிற் கிடந்தபின் 1836இல் யூரிமார் அம்மருத்துவரை விடுவித்தனர். இரண்டாமவர் றிச்சட் குறோலி. 1872ஆம் ஆண்டுத் தேர்தலில் பெண்ணாயிருந்தும் வாக்களித்தார் என்பதற்காக சூசன் அந்தனி அம்மையார் மீது 1873இல் நியூயோர்க் மாநிலத்தில் வழக்கை நடத்தியவர் இவரே. நீதிபதி யூரிமாரை ஆராயவும் விடாது குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கச் செய்து 100 டொலர் தண்டம் விதித்தார். அம்மையார் ஒரு சதமேனும் கட்டவில்லை. குறோலி பின்னர் கொங்கிரஸ் உறுப்பினரானார். இன்று அவர் பெயர் அந்த ஒரு வழக்கினாலேயே நினைக்கப்படுகின்றது.

மூன்றாமவர் ஏமஸ் அகெர்மன். வட நாட்டிற் பிறந்து தென்னாட்டிற் குடியேறி, உள்நாட்டுப் போரிலே தென்னவர் படையில் நின்றவர். போர் முடிந்தபின் ஜோர்ஜியா மாவட்டத்தின் வழக்குத்தொடுநராகிப் பின்னர் 1870இல் சட்டமா அதிபரானார். நீதித் திணைக்களம் என்னும் அமைப்பு அவ்வாண்டு யூலை 1ஆந் திகதியே தொழிற்படத் தொடங்கிற்று. மாவட்ட வழக்குத்தொடுநர் அனைவரும் அதன் ஆணைக்குள் வந்தனர். கறுப்பின மக்களை இரவிலே கொன்றும் சவுக்கால் அடித்தும் வாக்குரிமையைப் பறித்த கூ குளுக்ஸ் கிளான் கூட்டத்தினர் மீது அகெர்மன் நூற்றுக்கணக்கான வழக்குகளைத் தொடுப்பித்தார். உள்ளூர் மன்றுகள் வாளாவிருந்த இடத்திலே சமஷ்டி மன்று பேசியது. ஆனால் 1871 டிசெம்பரில் சனாதிபதி கிராண்ட் அவரைப் பதவி விலகுமாறு வேண்டினார். அகெர்மன் ஜோர்ஜியாவுக்கே மீண்டு தம் தொழிலைச் செய்து 1880இல் இறந்தார். அடுத்த படி என்பது அவருக்கு வாய்க்கவில்லை.

இப்பதவிக்கு இன்றுள்ள வடிவத்தை அளித்தவர் ஹென்றி ஸ்ரிம்சன் எனல் மிகையாகாது. 1867இல் நியூயோர்க்கில் செல்வக்குடியிற் பிறந்து, யேல், ஹார்வாட் ஆகிய பல்கலைக்கழகங்களிற் கற்று, பெருங் கம்பனிகளுக்காக வாதாடும் தொழிலில் வளம்பெற்றிருந்த அவரை, 1906இல் சனாதிபதி தியோடோர் றூஸ்வெல்ற் நியூயோர்க் தென் மாவட்டத்தின் வழக்குத்தொடுநராக நியமித்தார். நாட்டின் துறைமுகமும் வங்கிகளும் பங்குச்சந்தையும் அம்மாவட்டத்தினுள் அடங்கும். அங்கே பழைய கட்டண முறை அன்றுவரை எஞ்சியிருந்தது. ஸ்ரிம்சனோடு அது ஒழிந்து, சம்பள முறை புகுந்தது. முன்னிருந்தோர் சிக்கலான வழக்குகளை வெளியிலுள்ள பெரிய வழக்கறிஞர்க்கு அரசின் செலவிற் கொடுத்துவிடுவர். ஸ்ரிம்சன் அதனை நிறுத்தினார். சட்டக் கல்லூரித் தலைவர்க்கு எழுதி, ஆண்டுதோறும் முதன்மையாய்த் தேறும் இளைஞர்களின் பெயர்களைக் கேட்டுப் பெற்றார். அரசியற் கட்சித் தலைவரின் சிபார்சுக்கடிதம் கொண்டு வருவோர்க்கு இடமளிக்கும் வழக்கத்தை, பரீட்சைப் பெறுபேற்றினால் மாற்றிய செயல் இது. ஆசிரியத் தொழிலிலிருக்கும் எனக்கு இச்செய்தி ஒரு தனி மகிழ்ச்சியைத் தருகின்றது என்பதை மறைக்கமாட்டேன்.

அவ்விளைஞருள் ஒருவர் பீலிக்ஸ் பிராங்பேட்டர். 1882இல் வியன்னா நகரில் யூதக் குடியிற் பிறந்தவர். 12 வயதிலே அமெரிக்காவுக்கு வந்திறங்கியபோது ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் அறியாதவர். 12 ஆண்டின் பின்னர் ஹார்வாட் சட்டக் கல்லூரியில் முதன்மையாகத் தேறினார். தனியார் கம்பனி தந்ததினும் குறைந்த சம்பளத்துக்கே ஸ்ரிம்சனிடஞ் சேர்ந்தார். அவரும் பின்னர் ஹார்வாட்டிற் பேராசிரியராகி, 1939 முதல் 1962 வரை உயர் நீதிமன்றத்தில் நீதியரசராக வீற்றிருந்தார்.

ஸ்ரிம்சன் நடத்திய வழக்குகளுள் சர்க்கரை வழக்கு விரித்துரைக்கத் தக்கது. அமெரிக்கச் சர்க்கரைச் சுத்திகரிப்புக் கம்பனி, அந்நாட்டுச் சர்க்கரை வாணிகத்தின் பெரும்பகுதியைத் தன் கைக்குள் வைத்திருந்தது. வெளிநாட்டினின்றும் வரும் சர்க்கரைக்கு நிறையளவிற் சுங்கவரி விதிக்கப்படும். புறூக்ளின் பகுதியில், வில்லியம்ஸ்பேர்க் துறையிலே, 17 தராசுகள் இருந்தன. சர்க்கரை அவற்றில் நிறுக்கப்படுகையிற் சுங்க ஊழியரும் கம்பனியின் ஊழியரும் அருகிருப்பர். 1907 நவெம்பரில் றிச்சட் பார் என்னும் சுங்க அதிகாரி திடீரென அங்கே புகுந்து சோதித்தார். கம்பனி ஊழியன் இருக்கும் பக்கத்தில், தராசின் தூணிலே சிறு துளையொன்று காணப்பட்டது. அத்துளையினூடாக மெல்லிய உருக்குக் கம்பியைச் செலுத்தி உள்ளிருக்கும் நெம்புகோலை அழுத்தினால், சர்க்கரை உள்ள நிறையிற் குறைந்து காட்டும். ஒவ்வொரு முறையும் குறைவது சில இறாத்தலே. ஆனால் ஆண்டுக்கணக்காகக் கப்பல் கப்பலாக வந்த சர்க்கரைக்கு அச்சில இறாத்தல்கள் சேர்ந்து மலையாயின. நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை கூறிய வள்ளுவர், துலாக்கோலிலேயே துளையிடுவோரைக் கண்டிருப்பின் என் செய்திருப்பாரோ!

கம்பியைப் பிடித்த ஏழைத் தொழிலாளியைத் தண்டித்து வழக்கை முடித்துக்கொள்வது எளிது. ஸ்ரிம்சன் அவ்வாறு செய்திலர். கம்பனி தான் சுங்கத்துக்குச் செலுத்திய வரிக்கணக்கையும், அதே சர்க்கரைக்காக விற்றவர்களுக்குச் செலுத்திய விலைக்கணக்கையும் அவருடைய துணைவர்கள் அருகருகே வைத்து ஒப்பிட்டனர். வாங்கும்போது ஒரு நிறை, வரி செலுத்தும்போது வேறொரு நிறை! கம்பனியின் கணக்குப் புத்தகமே கம்பனிக்கு எதிர்ச்சாட்சியாயிற்று. 1909இல் யூரிமார் அரசின் பக்கம் தீர்ப்பளித்தனர். கம்பனி இருபது இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையை அரசுக்குத் திருப்பிச் செலுத்த உடன்பட்டது. நிறுவையாளர் சிலர் சிறை சென்றனர்; பின்னர், கம்பனியின் செயலாளராயிருந்த சாள்ஸ் ஹைக்கியும் 1910இற் குற்றவாளியாகக் காணப்பட்டார். கம்பனித் தலைவர் ஹாவமையர் துளை கண்டுபிடிக்கப்பட்டுச் சில நாட்களுள் இறந்துவிட்டமையால் அவர் எவ்வளவு அறிந்திருந்தார் என்பது மன்றிற் சோதிக்கப்படவில்லை.

இப்புகழைக் கொண்டு ஸ்ரிம்சன் 1910இல் நியூயோர்க் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். மேடையிற் பேசுங்கால் மன்றிற் பேசுவது போலவே பேசினார் என்பர். அதன்பின் தேர்தலின் பக்கமே அவர் திரும்பவில்லை. எனினும் போர்ச் செயலாளர், பிலிப்பைன்சின் ஆளுநர் நாயகம், இராசாங்கச் செயலாளர் எனப் பல பதவிகள் நியமனத்தால் அவரைத் தேடி வந்தன. 1940இல், 72ஆம் வயதில், எதிர்க்கட்சிச் சனாதிபதியான பிராங்கிளின் றூஸ்வெல்ற்றின் அழைப்பினால் மீண்டும் போர்ச் செயலாளரானார். அவரைப் பின்னரும் சந்திப்போம்.

மதுவிலக்குக் காலத்தின் கதை வேறு. 1921 முதல் 1929 வரை துணைச் சட்டமா அதிபராக இருந்து மதுவிலக்கு வழக்குகளுக்கும் வரி வழக்குகளுக்கும் பொறுப்பு வகித்தவர் மேபல் வில்லபிரண்ட் என்னும் பெண்மணி. கள்ளச்சாராயத்தால் வந்த வருமானத்துக்கும் வரி உண்டு என்று வாதிட்டு 1927இல் சலிவன் வழக்கிலே உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பைப் பெற்றார். குற்றத்தாற் பெற்ற பணத்துக்குக் கணக்குக் காட்டு என்று குற்றவாளியையே கேட்பது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சிறு வாயிலினூடாகவே சிக்காகோவின் அல் கபோன் பிடிபட்டான். கொலைக்கும் கொள்ளைக்கும் சாட்சி சொல்ல எவரும் முன்வராத நகரிலே, வழக்குத்தொடுநர் ஜோர்ஜ் ஜோன்சன் வருமானவரி ஏய்ப்புக் குற்றத்தை நிலைநாட்டி, 1931 ஒக்டோபரில் அவனுக்கு 11 ஆண்டுச் சிறை வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஆண்டே ஜோன்சன் சமஷ்டி நீதிபதியாக நியமிக்கப்பட்டார். ஆயின், செனற் சபை கூடாத காலத்தில் வழங்கப்பட்ட தற்காலிக நியமனம் அது. செனற் சபை உறுதிசெய்யாமையால் 1933 மார்ச்சில் ஆசனத்தை விட்டு இறங்கினார். உலகறிந்த வெற்றியும் ஓர் ஆண்டு ஆசனத்தைக்கூடப் பெற்றுத்தரவில்லை.

இதற்கு நேர்மாறானது தோமஸ் டூயியின் கதை. 1931இல் தென் மாவட்டத்தில் தலைமைத் துணை வழக்குத்தொடுநராகச் சேர்ந்தபோது அவர்க்கு வயது 29. பின்னர் மாநிலத்தின் விசேட வழக்குத்தொடுநராக 1936இல் லூசியானோ என்னும் கும்பற்றலைவனைத் தண்டிப்பித்தார். 1942இல் நியூயோர்க் ஆளுநராகத் தெரிவானார். 1944இலும் 1948இலும் சனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். வழக்குத்தொடுநர் பதவியே ஏணி என்று இளைய வழக்கறிஞர் பலரை எண்ணச் செய்தவர் இவர். ஏணியில் ஏறுவோர்க்கு எண்ணிக்கையில் ஆசை மிகும். தண்டனை பெற்றோரின் தொகையே தம் தகுதி என எண்ணுவர். உயர் நீதிமன்றம் 1935இல் பேர்ஜர் என்பவரின் வழக்கில் இதனைக் கண்டித்தது. சாட்சி சொல்லாதவற்றைச் சொன்னதாகவும், தாம் மட்டும் அறிந்த உண்மைகள் உள்ளனவாகவும் யூரிமார் நினைக்குமாறு துணை வழக்குத்தொடுநர் ஒருவர் பேசினார். நீதியரசர் சதர்லண்ட் அத்தண்டனையைத் தள்ளி, அரசின் வழக்குத்தொடுநர் சாதாரண வழக்காளியின் பிரதிநிதி அல்லர் என்றார். அரசுக்கு வெற்றி என்பது வழக்கு வெல்வதன்று, நீதி செய்யப்படுவதே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இனி றொபேட் ஜாக்சன் என்பாருக்கு வருவோம். 1892இல் பென்சில்வேனியாவிற் பண்ணைக் குடும்பத்திற் பிறந்து, நியூயோர்க் மாநிலத்தின் மேற்கெல்லையில் பிரூஸ்பேர்க் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்திலர். வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் ஏடு சுமந்து தொழில் கற்றார், அல்பனி சட்டக் கல்லூரியில் ஓராண்டு பயின்றார், 1913இல் வழக்கறிஞரானார். இரவிலே விளக்கொளியிற் படித்து வெளிவாரியாகத் தேர்வெழுதிய என் போன்றோர்க்கு அவர்பால் ஓர் உறவு தோன்றுதல் இயல்பு. ஆயின், அவருடைய ஆங்கில நடையை அந்நாட்டு நீதியரசரின் நடைகளுள் முதன்மையானது எனக் கற்றோர் மதிப்பர். இருபதாண்டு சிற்றூர் வழக்கறிஞராயிருந்தவர் 1934இல் வாஷிங்டனுக்கு வந்தார். வருமானவரிப் பகுதியின் ஆலோசகர், துணைச் சட்டமா அதிபர், மன்றாடியார் நாயகம் என விரைந்துயர்ந்து, 1940 சனவரியில் சட்டமா அதிபரானார்.

அவர் பதவியேற்றபொழுது ஐரோப்பாவிற் போர் மூண்டிருந்தது. அமெரிக்காவிலும் எங்கும் உளவாளி பற்றிய அச்சம். ஸ்பானிய உள்நாட்டுப் போருக்கு ஆள் சேர்த்தனர் என்ற பழைய குற்றத்துக்காக டிற்றோயிற் நகரில் பலர் 1940 பெப்ரவரியில் விடியுமுன் கைதுசெய்யப்பட்டனர். அப்போர் முடிந்தே ஓராண்டாகப் போகின்றது! அவ்வழக்கை முன்னவரிடமிருந்து பெற்ற ஜாக்சன், அதனைத் தள்ளிவிடுமாறு பணித்தார். பின்னர் ஏப்ரில் 1ஆந் திகதி, நாடெங்குமுள்ள மாவட்ட வழக்குத்தொடுநரைத் தலைநகரில் நீதித் திணைக்கள மண்டபத்திற் கூட்டிப் பேசினார். சமஷ்டி வழக்குத்தொடுநர் என்பதே அவ்வுரையின் தலைப்பு. மூடர் தினம் எனப்படும் நாளில் இத்துணை அறிவுடைய உரை வேறெதுவும் நிகழ்ந்திராது.

அவர் கூறியதன் கருத்து இது: அந்நாட்டில் ஒரு மனிதனுடைய உயிர்க்கும் உரிமைக்கும் நற்பெயர்க்கும் மேல் வழக்குத்தொடுநர்க்கு உள்ள பிடி வேறெவர்க்கும் இல்லை. நடந்த குற்றங்கள் எல்லாவற்றையும் எவராலும் தொடர முடியாது. ஆகவே அவர் சிலவற்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். வழக்கைத் தெரிந்தெடுக்கலாம் என்றால் எதிரியையும் தெரிந்தெடுக்கலாம் என்று ஆகிவிடும். ஆபத்து அங்கேதான் உளது. சட்டப் புத்தகங்களிலே குற்றங்கள் நிரம்பிக் கிடக்கின்றன; எவரை எடுத்தாலும் தேடினால் ஏதோவொரு விதிமீறல் அகப்படும். குற்றம் நிகழ்ந்தபின் செய்தவனைத் தேடுவது ஒன்று. தமக்குப் பிடியாத மனிதனை முதலில் தெரிந்துகொண்டு, பிறகு அவனுக்கேற்ற குற்றத்தைத் தேடுவது மற்றொன்று. அன்று ஆட்சியாளருக்கு ஆகாதவராகவோ, தவறான அரசியற் கொள்கையுடையவராகவோ, வழக்குத்தொடுநரின் பாதையில் நிற்பவராகவோ இருப்பதே ஒருவரின் மெய்க்குற்றமாகிவிடுவது அப்பொழுதேயாம்.

இவற்றையெல்லாம் ஜாக்சன் வெளியே நின்று பார்த்துக் கூறவில்லை என்பது நோக்கற்பாலது. முன்னாள் திறைசேரிச் செயலாளரும் பெருஞ் செல்வருமான அன்றூ மெலன் மீது 1934இல் அரசு குற்றவழக்குத் தொடுக்க முயன்றபோது, பெரு யூரி அதனை ஏற்க மறுத்தது. அடுத்த ஆண்டு, அவரிடமிருந்து முப்பது இலட்சம் டொலரளவு வரி கேட்டு வரி மேன்முறையீட்டுச் சபையில் வாதாடியவர் ஜாக்சனே. மெலன் இறந்தபின் 1937இல் வந்த முடிவு, வரிப்பாக்கி உண்டு, வஞ்சகம் இல்லை என்றது. அவ்வழக்கு அரசியற் பகையால் எழுந்ததென்று கூறுவார் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். தம் உரைக்குப் பின்னரும் அவர் முற்றிலும் வழுவாது நின்றார் எனலாகாது. 1940 மார்ச்சில் தொலைபேசி ஒட்டுக்கேட்டலை அவர் தடைசெய்தார். மே மாதத்திலே, நாட்டுக்கு எதிராகச் சூழ்வோர் எனச் சந்தேகிக்கப்படுவோர்பால் அதனைப் பயன்படுத்தச் சனாதிபதி எழுத்தில் அனுமதி தந்தார். ஜாக்சன் அதனை ஏற்றுப் பதவியில் இருந்தார். இது குறையே. குறையுடைய ஒருவர் கூறியதால் உரையின் உண்மை குன்றாது என்பதே என் துணிபு.

பின்வந்த நிகழ்ச்சிகள் இரண்டு அவ்வுரைக்கு உரை எழுதியன போல அமைந்தன. தென் மாவட்டத்தில் 1961இல் நியமிக்கப்பட்ட றொபேட் மோகன்தோ, ஆட்சி மாறியபின்னும் தம் காலம் முடியவில்லை என்று கூறி விலக மறுத்து, ஏறக்குறைய ஓராண்டு தாக்குப்பிடித்து 1969இன் இறுதியில் வெளியேற்றப்பட்டார். 2006 டிசெம்பர் 7ஆந் திகதியோ, ஒரே நாளில் ஏழு மாவட்ட வழக்குத்தொடுநர் விலகுமாறு பணிக்கப்பட்டனர். நியமித்த சனாதிபதியே நீக்கவும் வல்லவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் குறித்த வழக்குகளைத் தொடுத்தமையாலோ தொடாமையாலோ நீக்கப்பட்டனரா என்னும் கேள்வி கொங்கிரஸில் எழுந்து, 2007இல் சட்டமா அதிபர் அல்பேட்டோ கொன்சாலஸ் பதவி துறப்பதோடு முடிந்தது. பிறிதொரு மாற்றம் சத்தமின்றி நிகழ்ந்தது. சமஷ்டி மன்றுகளில் குற்றத்தீர்ப்புகளுள் நூற்றுக்கு 97 குற்றத்தை எதிரி ஒப்புக்கொள்வதால் வருவன என 2012இல் உயர் நீதிமன்றமே எடுத்துரைத்தது. யூரிமார் பன்னிருவரை எதிரி காண்பதேயில்லை. எந்தக் குற்றத்தைச் சாட்டுவது, எதனைக் கைவிடுவது என்று வழக்குத்தொடுநர் பேசும் பேரமே வழக்காகிவிட்டது. என் மாணவனின் வினாவுக்கு விடை இவ்வெண்ணில் ஒருவாறு இருக்கின்றது.

ஜாக்சன் 1941 யூலையில் உயர் நீதிமன்ற நீதியரசரானார். அடுத்து அவரை வந்தடைந்த பணிக்கு வழிவகுத்தவர், முன்னாள் வழக்குத்தொடுநரான ஸ்ரிம்சனே. தோல்வியுறும் நாற்சித் தலைவரை என் செய்வது என்ற கேள்வி 1944இல் எழுந்தபோது, திறைசேரிச் செயலாளர் ஹென்றி மோகன்தோ முக்கியமானோரை விசாரணையின்றியே சுட்டுவிடலாம் என்றார். மேலே கூறிய றொபேட் மோகன்தோ இவருடைய மைந்தரே. போர்ச் செயலாளர் ஸ்ரிம்சன் அதனை உறுதியாக எதிர்த்து, குற்றஞ்சாட்டி, சாட்சி காட்டி, எதிரிக்கும் பேச இடங்கொடுத்தே தண்டித்தல் வேண்டும் என வாதிட்டார். தராசிலுள்ள துளைக்குக் கணக்குப் புத்தகத்தைச் சாட்சியாக்கியவர் வேறெவ்வாறு கூறுவார்? அவர் கருத்தே வென்றது. 1945 மே மாதத்தில் சனாதிபதி ட்ரூமன் ஜாக்சனை அமெரிக்காவின் தலைமை வழக்குத்தொடுநராக நியமித்தார்.

நூரெம்பேர்க் விசாரணை 1945 நவெம்பர் 20இல் தொடங்கியது. ஜாக்சனின் தொடக்கவுரை மறுநாள் நிகழ்ந்தது. அச்சத்தால் வாய் திறவாத சாட்சிகளை நம்பாது, நாற்சிகள் தம் கையாலேயே எழுதிக் கோவைப்படுத்திவைத்த ஆவணங்களை முதன்மைச் சான்றாகக் கொண்டமை அவருடைய தீர்மானம். ஆயினும் 1946 மார்ச்சில் கோரிங்கைக் குறுக்குவிசாரணை செய்தபோது, ஜாக்சன் பொறுமையிழந்தார். கோரிங்கே மேலோங்கினான் என்று அங்கிருந்தோர் பலர் எழுதினர். ஒக்டோபர் 1ஆந் திகதி தீர்ப்பு முற்றுப்பெற்றது. தீர்ப்புப் பெற்ற 22 பேரில் பன்னிருவர்க்கு மரணம், எழுவர்க்குச் சிறை, மூவர்க்கு விடுதலை. மூவர் விடுதலையானதை வழக்குத்தொடுநரின் தோல்வி எனச் சில பத்திரிகைகள் எழுதின. அம்மூவர் விடுதலையாகக்கூடிய மன்றாக அது இருந்தமையாலன்றோ பன்னிருவரின் தண்டனை தண்டனையாயிற்று!

தலைநகரிலே அவர் இல்லாத காலத்தில், 1946 ஏப்ரிலில், தலைமை நீதியரசர் ஸ்ரோன் இறந்தார். ஜாக்சன் எதிர்பார்த்திருந்த ஆசனம் அது. ட்ரூமன் வின்சன் என்பாரை நியமித்தார். சக நீதியரசர் பிளாக் தமக்கு எதிராக வேலைசெய்தார் என எண்ணிய ஜாக்சன், நூரெம்பேர்க்கிலிருந்தே நீண்ட தந்தியொன்றை வெளியிட்டுத் தம் மனக்கசப்பைப் பகிரங்கமாக்கினார். அது அவர்க்குச் சிறப்புச் சேர்க்கவில்லை. ஆசனமும் பின்னர் கிட்டவில்லை.

1954 மார்ச்சு இறுதியில் ஜாக்சனுக்கு மாரடைப்பு நேர்ந்தது. மே 17ஆந் திகதி, பாடசாலைகளிலே கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்து வைத்தல் ஆகாது என்னும் தீர்ப்பைத் தலைமை நீதியரசர் வாசிக்கவிருந்தார். ஒன்பதின்மரும் ஒருமனமாகச் செய்த தீர்ப்பு அது. ஒன்பது ஆசனங்களும் நிறைந்திருத்தல் வேண்டும் எனக் கருதி, ஜாக்சன் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுந்து வந்து அமர்ந்தார். அவ்வாண்டு ஒக்டோபர் 9ஆந் திகதி, 62ஆம் வயதில் இறந்தார். பிரூஸ்பேர்க் சிற்றூரின் மயானத்திலே அவரை அடக்கஞ் செய்தனர்.